கடற்பாசி: எந்தப் பாசி, எவ்வளவு, யாருக்கு?

தைராய்டு புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சை முடிந்து, கதிரியக்க அயோடின் சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டிருந்த அம்மையார் ஒருவர் எங்கள் உணவியல் பிரிவுக்கு வந்திருந்தார். இச்சிகிச்சைக்கு முன் அயோடின் குறைந்த உணவை உண்ண வேண்டும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். அயோடின் சேர்த்த உப்பை நிறுத்தியிருந்தார். மீனையும் பாலையும் முட்டையையும் விட்டிருந்தார். குறிப்பேட்டில் ஒவ்வொரு வேளை உணவையும் எழுதி வைத்திருந்தார். இறுதியாக, "வேறு சத்து மாத்திரை ஏதேனும் எடுத்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்டோம். அவர் கைப்பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்து வைத்தார். வெளிநாட்டிலுள்ள மகன் அன்போடு அனுப்பிய கடற்பாசி மாத்திரை. நாள்தோறும் இரண்டு வீதம் ஒரு மாதமாக உண்டு வந்திருந்தார்.

சிகிச்சையைத் தள்ளிவைக்க நேர்ந்தது. அவர்மீதும் பிழையில்லை, மகன்மீதும் பிழையில்லை. நாங்கள் அச்சிட்டுக் கொடுத்திருந்த தாளில் "கடல் உணவைத் தவிர்க்கவும்" என்றுதான் இருந்தது. புட்டியில் வரும் பச்சை மாத்திரையைக் கடல் உணவாக யார்தான் எண்ணுவர்? அந்தத் தாளை இப்போது திருத்தியிருக்கிறோம். ஆயினும் தாளில் ஒரு வரியாகச் சொல்லி முடிக்கத்தக்க செய்தியன்று இது என்பதால் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "பாசி சாப்பிடலாமா?" என்று எங்களிடம் கேட்பவர்கள் பல வேறு பொருள்களை மனத்தில் கொண்டு கேட்கிறார்கள். செட்டிநாட்டுச் சமையலில் மணத்துக்காகச் சேர்க்கும் கல்பாசி கடலிலிருந்து வருவதன்று; அது பாறையிலும் மரப்பட்டையிலும் வளரும் லைக்கன் வகை. மாத்திரையாகவும் தூளாகவும் விற்கப்படும் சுருள்பாசி, அதாவது ஸ்பைருலினா, தொட்டிகளில் வளர்க்கப்படும் நுண்ணுயிர், அதுவும் கடற்பாசியன்று. குளிர்பானங்களில் ஊறிக் கிடக்கும் பாதாம் பிசின் ஒரு மரத்தின் பிசின். இன்று கடைகளில் புட்டியில் விற்கப்படும் கொம்புச்சா என்பது புளிக்கவைத்த தேநீர். கொம்பு என்ற ஜப்பானியக் கடற்பாசிக்கும் அதற்கும் பெயரொற்றுமையைத் தவிர வேறு உறவில்லை. இவை எவற்றுக்கும் இக்கட்டுரையில் சொல்லப்படுவன பொருந்தா.

உண்மையான கடற்பாசிகள் நிறத்தால் மூன்று பெரும் பிரிவுகளாக அறியப்படுகின்றன: பச்சை, சிவப்பு, பழுப்பு. இந்தப் பிரிவு தாவரவியலாருக்கு மட்டும் உரியதென்று கருத வேண்டா. நோயாளிக்கும் இது மிகவும் வேண்டியது. சுஷி உணவைச் சுற்றியிருக்கும் கருந்தாளைப் போன்ற நோரி சிவப்பு வகை. கொரியர்கள் இதனைக் கிம் என்பர். சாறுகளில் மிதக்கும் வகாமே, குழம்புக்குச் சுவை கூட்டும் தடித்த கொம்பு, கருமையான சிறு குச்சிகள் போன்ற ஹிஜிகி ஆகிய மூன்றும் பழுப்பு வகை. நம் மன்னார் வளைகுடாவில் பாம்பன், மண்டபம், இராமேசுவரம் பகுதிப் பெண்கள் கடலில் மூழ்கிக் கையால் பறித்து வரும் பாசிகளில் கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்துப் பாசியும் சிவப்பு வகை. கட்டக்கோரை பழுப்பு வகை. அவர்கள் பறிப்பதில் பெரும்பகுதி நேரே உணவாவதில்லை. அகர், ஆல்ஜினேட் ஆகிய பொருள்களைப் பிரித்தெடுக்கும் ஆலைகளுக்குச் செல்கிறது.

நோன்புக் காலத்தில் பல இல்லங்களில் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி, துண்டுகளாக வெட்டி வைக்கும் "கடல்பாசி" என்பது இந்த அகர்தான். கடைகளில் சைனா கிராஸ் என்று கேட்டாலும் இதையே தருவார்கள். அகருக்கும் மருத்துவமனைக்கும் பழைய உறவு உண்டு. 1881ஆம் ஆண்டளவில், ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் காக்கின் ஆய்வகத்தில் கிருமிகளை வளர்க்கப் பயன்பட்ட ஜெலட்டின் வெப்பத்தில் உருகிப் பெருந்தொல்லை கொடுத்தது. அங்கே பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, தம் வீட்டுச் சமையலில் பழம்பாகு உறைவதற்குச் சேர்த்துவந்த அகரைப் பயன்படுத்திப் பார்க்கலாமே என்றார். இன்றும் உங்கள் சிறுநீரையோ சளியையோ "கல்ச்சர்" பரிசோதனைக்கு அனுப்பினால், பெரும்பாலும் அகர் பரப்பிய தட்டில்தான் கிருமி வளர்க்கப்படுகிறது.

சத்து உண்மையா?

கடற்பாசியைப் பற்றிய விளம்பரங்கள் பெரும்பாலும் 100 கிராம் உலர்ந்த பாசியின் கணக்கையே காட்டுகின்றன. அக்கணக்கு பொய்யன்று, ஆனால் எவரும் 100 கிராம் உலர்ந்த பாசியை ஒரு வேளையில் உண்பதில்லை. நோரித் தாள் ஒன்றின் எடை ஏறக்குறைய 3 கிராம். உலர்ந்த நோரியின் எடையில் மூன்றிலொரு பங்குக்கும் மேல் புரதம் இருக்கலாம் என்பது மெய். ஆயினும் ஒரு தாளில் கிடைப்பது ஏறத்தாழ ஒரு கிராம் புரதமே. ஒரு கைப்பிடி வறுத்த கடலையில் அதைவிடப் பன்மடங்கு உண்டு. கால்சியம், இரும்பு, மெக்னீசியம் ஆகியவற்றையும் இவ்வாறே அளந்து பார்க்க வேண்டும்.

நார்ச்சத்து இவற்றில் நிறைய உண்டு. அதில் பெரும்பகுதி நம் குடலில் செரிப்பதில்லை. 2010இல் வெளியான ஓர் ஆய்வு ஒரு வியப்பான செய்தியைத் தந்தது: நோரியின் நாரைச் சிதைக்கும் நொதிக்கான மரபணு, கடலில் வாழும் நுண்ணுயிரிடமிருந்து ஜப்பானியரின் குடலில் வாழும் நுண்ணுயிருக்குக் கடந்து வந்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாக உண்டதன் விளைவு அது. நமக்கு அவ்வசதி இல்லாததால் புதிதாக நிறைய உண்பவருக்கு வயிறு உப்புவதும் வாயு பிரிவதும் இயல்பே; அஞ்ச வேண்டியதில்லை.

சைவ உணவினர் பலர் வைட்டமின் பி12 பெறக் கடற்பாசியை நாடுகின்றனர். நோரியில் பி12 இருப்பது உண்மை. ஆனால் ஸ்பைருலினாவில் இருப்பதில் பெரும்பகுதி உடலுக்குப் பயன்படாத போலி வடிவம். இரத்தப் பரிசோதனையில் பி12 குறைவு என்று கண்டறியப்பட்டவர்கள், மருத்துவர் எழுதிய மாத்திரையையோ ஊசியையோ நிறுத்திவிட்டுப் பாசியை நம்பக் கூடாது. பி12 குறைவு நரம்புகளைத் தாக்கும்; நாள் கடந்த பின் பிழையை உணர்ந்தால் இழந்தது முழுதும் திரும்பாமற் போகலாம்.

எனவே எங்கள் கருத்து இதுதான்: நோரித் தாள், வறுத்த சிறு துண்டுகள், எப்போதாவது உண்ணும் கடல்பாசி இனிப்பு ஆகியன நலமாயிருப்பவருக்கு நல்ல உணவே, மருந்தல்ல. கீரையும் பயறும் முருங்கையும் தரும் சத்தை விட்டுவிட்டு இதைத் தேடிப் போக வேண்டிய தேவையும் இல்லை.

அயோடின்

கடற்பாசியை மற்றெல்லா உணவிலிருந்தும் பிரித்துக் காட்டுவது அயோடின். வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். கருவுற்றவருக்கும் பாலூட்டுபவருக்கும் 250 மைக்ரோகிராம் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாம் வாங்கும் அயோடின் உப்பில் ஒரு கிராமுக்கு 15 மைக்ரோகிராமுக்குக் குறையாமல் அயோடின் இருக்க வேண்டும் என்பது இந்திய விதி. வீட்டில் இத்தகைய உப்பைப் பயன்படுத்துபவர்களில் பெரும்பாலோருக்கு அயோடினுக்காக வேறெதையும் தேட வேண்டிய தேவை எழுவதில்லை.

2004இல் வெளியான ஓர் ஆய்வில், கடைகளில் விற்கும் கடற்பாசிகளை அளந்து பார்த்தனர். நோரியில் கிராமுக்கு 16 மைக்ரோகிராம் அளவில் இருந்த அயோடின், பதப்படுத்திய கெல்ப் குருணை ஒன்றில் 8,165 மைக்ரோகிராமாக இருந்தது. ஐந்நூறு மடங்கு வேறுபாடு. இரண்டையும் "கடற்பாசி" என்ற ஒரே சொல்லால்தான் அழைக்கிறோம். நோரித் தாள் ஒன்றை உண்டால் ஒரு நாளைய தேவையின் ஒரு பகுதி கிடைக்கும். கொம்புவில் ஒரு கிராம் மட்டுமே, ஏறத்தாழ ஒரு நகத்தளவுத் துண்டு, பத்து நாள் தேவைக்கும் மேலான அயோடினைத் தரக்கூடும். கொம்புவை நீரில் கொதிக்கவிட்டு எடுத்து எறிந்துவிட்டால் தீங்கில்லை என்று எண்ணுவோர் உண்டு. அயோடின் அந்த நீரில்தான் இறங்கியிருக்கிறது. கொரியத் தொடர்களைப் பார்க்கும் பிள்ளைகள் வாங்கி வரும் சில நூடுல்ஸ் பொட்டலங்களிலும் சதுரமான ஒரு கரும்பாசித் துண்டு இருக்கும். நலமான பிள்ளைக்கு எப்போதோ ஒரு நாள் அது கேடு செய்யாது. தைராய்டு நோயுள்ள வீட்டில் அதை எடுத்து வைத்துவிடுவது நல்லது.

மிகுந்த அயோடின் ஏன் தீங்காகிறது? வாய்க்காலில் வெள்ளம் மிகுந்தால் மடையை அடைத்துப் பயிரைக் காப்பவரைப் போல, அயோடின் திடீரென்று பெருகும்போது தைராய்டு சுரப்பி ஹார்மோன் உற்பத்தியைத் தானே நிறுத்திக்கொள்கிறது. 1948இல் வோல்ஃப், சைக்காஃப் ஆகிய இருவர் இதனை எலிகளில் கண்டு எழுதினர். நலமான சுரப்பி சில நாட்களில் மடையைத் திறந்துகொள்ளும். ஹாஷிமோட்டோ எனப்படும் தைராய்டு அழற்சி உள்ளவர்களிடத்திலும், கருவிலுள்ள சிசுவிடத்திலும், பிறந்த குழந்தையிடத்திலும் அம்மடை அடைத்தபடியே நின்றுவிடக் கூடும், ஹார்மோன் குறைந்துபோகும். கழுத்தில் கட்டியுள்ள முதியோர் சிலருக்கு நேர்மாறாக நடக்கிறது: சுரப்பி கட்டுக்கடங்காமல் ஹார்மோனைக் கொட்டுகிறது, நெஞ்சு படபடக்கிறது, உடல் இளைக்கிறது.

இவை ஏட்டளவில் நிற்பவையல்ல. ஜப்பானின் ஹொக்கைடோ கடற்கரையில் நாள்தோறும் கொம்பு உண்ட மக்களிடையே கழுத்து வீக்கம் பரவியிருந்ததை 1960களில் மருத்துவர்கள் பதிவு செய்தனர். 2009ஆம் ஆண்டின் இறுதியில் ஆஸ்திரேலியாவில், கொம்பு சேர்த்துத் தயாரித்த சோயாப் பாலைக் குடித்தவர்களுக்குத் தைராய்டு கோளாறு கண்டதால் அப்பொருள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அவர்கள் தாங்கள் கடற்பாசி உண்டதாகவே எண்ணியிருக்க மாட்டார்கள். பொட்டலத்தின் பின்புறமுள்ள சிற்றெழுத்தைப் படியுங்கள் என்று நாங்கள் சலிக்காமல் சொல்வது இதனால்தான்.

கொரியாவில் பிள்ளை பெற்ற தாய்க்கு வகாமேச் சாறு கொடுப்பது, நம் வீடுகளில் பத்தியக் குழம்பும் பூண்டும் கொடுப்பதைப் போன்ற வழக்கம். அச்சாற்றை ஒரு நாளுக்குப் பலமுறை வாரக்கணக்கில் குடித்த தாய்மார் சிலரின் பாலில் அயோடின் மிகுந்து, பச்சிளங்குழந்தைக்குத் தைராய்டு குறைவு உண்டானதை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. அம்மரபை நாங்கள் குறை கூறவில்லை. பால் ஊறும் என்று இணையத்தில் படித்து இங்குள்ள இளந்தாய்மார் அதனைத் தொடங்க வேண்டா என்பதே எங்கள் வேண்டுகோள். பாலூட்டும் காலத்தில் நோரித் தாள் ஒன்று இரண்டு உண்பதற்குத் தடையில்லை. கொம்பு, கெல்ப் மாத்திரை, நாள்தோறும் வகாமேச் சாறு ஆகியவை வேண்டா.

கதிரியக்க அயோடின் சிகிச்சைக்குக் காத்திருப்போருக்கு இன்னும் கண்டிப்பு வேண்டும். அறுவைக்குப் பின் எஞ்சிய தைராய்டு அணுக்கள், பசித்த வயிறு சோற்றை ஏற்பது போல, கொடுக்கும் கதிரியக்க அயோடினை ஏற்று அழிய வேண்டும். முன்பே சாதாரண அயோடினால் வயிறு நிறைந்திருந்தால் மருந்து உள்ளே செல்ல இடமில்லை. எனவே சிகிச்சைக்கு முன் ஒன்று அல்லது இரண்டு வாரம், மருத்துவர் குறிக்கும் நாள்வரை, எல்லாக் கடற்பாசிகளையும் நிறுத்த வேண்டும். அவற்றோடு அகர், காராஜீனன், ஆல்ஜினேட் சேர்ந்தவற்றையும் நிறுத்த வேண்டும். ஐஸ்கிரீம், சுவையூட்டிய பால், உறைந்த இனிப்புகள் ஆகியவற்றின் உறையில் 400 முதல் 407 வரையிலான எண்கள் இருந்தால் அவை இப்பொருள்களைக் குறிப்பனவாக இருக்கலாம். வாங்காமல் இருப்பதே எளிது. கடற்பாசி மாத்திரைக்கு இரு வாரம் போதாது. அதனை உண்டவர்கள் எப்போது நிறுத்தினோம் என்பதை மருத்துவரிடம் மறையாமல் சொல்லுங்கள். எவரும் கடிந்துகொள்ள மாட்டார்கள்.

இதய நோயாளிக்கும் சிறுநீரக நோயாளிக்கும்

செயற்கை வால்வு பொருத்தப்பட்டவர்கள் வார்ஃபரின் அல்லது அசெனோகூமரால் என்னும் இரத்தம் உறையாமை மருந்தை உண்கிறார்கள். வைட்டமின் கே மிகுந்த உணவு இம்மருந்தின் ஆற்றலைக் குறைக்கும். கீரையைப் பற்றி இவர்களுக்கு நாங்கள் சொல்லும் அறிவுரையே நோரிக்கும் வகாமேக்கும் பொருந்தும்: உண்பதானால் ஒரே அளவாக உண்ணுங்கள், இன்று ஒரு பொட்டலம், பின் ஒரு மாதம் ஒன்றுமில்லை என்று இராதீர்கள். புதிதாகத் தொடங்கினாலும், உண்டு வந்ததை நிறுத்தினாலும், அடுத்த ஐஎன்ஆர் பரிசோதனையை முன்தள்ளிச் செய்துகொள்வது பாதுகாப்பு. பிரித்தெடுத்த அகரில் இந்தக் கவலை இல்லை.

டயாலிசிஸ் செய்துகொள்பவருக்குத் தடையாக நிற்பது பொட்டாசியம். உலர்ந்த வகாமே, கொம்பு ஆகியவற்றின் 100 கிராமில் 5 கிராம் அளவில் பொட்டாசியம் உண்டு. ஊறவைத்து நீரை வடித்தால் ஒரு பகுதி வெளியேறும். ஆயினும் அந்நீரையே சாறாகக் குடிப்பதுதான் வழக்கம். உப்புக்கு மாற்று என்று விற்கப்படும் பாசித்தூள் சிறுநீரக நோயாளிக்கு உப்பைக் காட்டிலும் கேடு செய்யலாம். வறுத்த நோரித் துண்டுகளில் எண்ணெயும் உப்பும் தடவியிருப்பதை இரத்த அழுத்தமுள்ளோர் மறக்க வேண்டா.

புற்றுநோயாளிகளின் உறவினர் பலர் ஃபுகாய்டான் என்ற பெயரில் விலையுயர்ந்த புட்டிகளைக் கொண்டு வருகின்றனர். பழுப்புப் பாசியிலிருந்து எடுக்கப்படும் இப்பொருள் ஆய்வகத் தட்டில் புற்றணுக்களைத் தடுத்ததாக வந்த செய்திகள் உண்டு. தட்டில் நடப்பது வேறு, உடலில் நடப்பது வேறு. நோயாளிகளைக் குணப்படுத்தும் என்று நிறுவப்படவில்லை. இரத்தம் உறைவதைத் தடுக்கும் இயல்பும் அதற்கு உண்டு என்பதால் அறுவைக்கு முன்னும் கீமோதெரபியின்போதும் அது தொல்லையாகலாம். ஒரு குடும்பம் ஒரு மாதப் புட்டிக்குச் செலவிடும் தொகையில் முட்டையும் பாலும் பழமும் மாதம் முழுதும் வாங்கலாம். உடல் இளைத்துவரும் நோயாளிக்கு அவையே உடனடித் தேவை.

நஞ்சைப் பற்றி

கடல்நீரிலுள்ள ஆர்செனிக்கைப் பாசிகள் உறிஞ்சிக்கொள்கின்றன. பெரும்பாலான வகைகளில் அது தீங்கு குறைந்த கரிம வடிவில் தங்குகிறது. ஹிஜிகியில் மட்டும் நச்சுத்தன்மை மிக்க கனிம வடிவம் மிகுதி. 2001இல் கனடாவும் 2004இல் பிரிட்டனும் அதனை உண்ண வேண்டா என்று தம் மக்களுக்கு அறிவுறுத்தின. நம் கடற்கரையில் ஒதுங்கும் கட்டக்கோரையும் ஹிஜிகியும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ஆகவே கரையொதுங்கிய பாசியைப் பறித்து வந்து வீட்டில் சமைத்துப் பார்க்கும் ஆர்வத்தை நாங்கள் ஊக்குவிக்கவில்லை. கழிவுநீர் கலக்கும் இடத்துப் பாசி கன உலோகங்களையும் சேர்த்துக்கொள்ளும். 1991இல் குவாம் தீவில், கிராசிலேரியா என்ற உண்ணத்தக்க பேரினத்துப் பாசியை உண்டு 13 பேர் நோயுற்றனர், மூவர் இறந்தனர். இது மிக அரிதான நிகழ்வு. கஞ்சிப்பாசியைக் காலங்காலமாக அறிந்து, பருவமும் இடமும் பார்த்துப் பறிக்கும் கடலோர மக்களின் அறிவு வேறு. சுற்றுலா சென்றவர் கையில் எடுப்பது வேறு.

இனி, வீட்டில் கடல்பாசி காய்ச்சுவோருக்குச் சில சொற்கள். அகர் இழைகளை நீரில் ஊறவைத்து, நன்கு கொதிக்கவிட்டு, ஓர் இழையும் மிஞ்சாமல் கரைந்த பின்னரே பாலோடு சேர்க்க வேண்டும். ஒரு லிட்டருக்கு 10 கிராம் அளவு போதும். ஜெலட்டினைப் போலன்றி, நம் ஊர் வெப்பத்திலும் குளிர்பெட்டி இல்லாமலே இது உறையும்; விலங்கிலிருந்து வருவதன்று என்பதால் சைவ உணவினருக்கும் ஏற்றது. அகரில் சர்க்கரை ஏறக்குறைய இல்லை. நீரிழிவு உள்ளவர் அஞ்ச வேண்டியது அதில் கொட்டும் சர்க்கரையைத்தான். உலர்ந்த அகர்த் தூளை எடை குறையும் என்று கேட்டு அப்படியே விழுங்காதீர்கள். தொண்டையிலும் உணவுக்குழாயிலும் நீரை உறிஞ்சி ஊதி அடைத்துக்கொள்ளும். பக்கவாதத்துக்குப் பின் விழுங்குவதில் சிரமப்படுவோருக்கும், மிகச் சிறு குழந்தைகளுக்கும் கட்டியான துண்டுகளாகத் தர வேண்டா. எங்கள் விழுங்குதிறன் சிகிச்சையாளரைக் கேட்ட பின் தரலாம்.

நாம் முதலில் கண்ட அம்மையார் மாத்திரையை நிறுத்திய ஏழாவது வாரத்தில் மீண்டும் வந்தார். சிறுநீரில் அயோடின் அளவு தக்கபடி குறைந்திருந்தது, சிகிச்சை தொடங்கியது. இம்முறை வீட்டிலிருந்த எல்லாப் புட்டிகளையும் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்து வந்திருந்தார். தலைவலித் தைலம்வரை அதில் இருந்தது. நீங்களும் அவ்வாறே கொண்டு வாருங்கள். எங்கள் உணவியல் பிரிவு புறநோயாளர் கட்டடத்தில், மருந்தகத்துக்கு எதிரே இருக்கிறது.